சத்தம் குறைந்தாலும் அலாரம் வேண்டும்

அன்புள்ள ஐயா,
எங்கள் பாலிஎதிலீன் ஆலையில் வாயுநிலை ரியாக்டரின் வெளிச்சுவரில் ஒலி சென்சார்கள் வைத்திருக்கிறோம். உள்ளே ஷீட் (பாலிமர் உருகிச் சுவரில் ஒட்டும் தகடு) படிந்து ரியாக்டரை நிறுத்தும்வரை ஒரு அலாரமும் வரவில்லை. செயற்கை நுண்ணறிவு மென்பொருள் வாங்கினால் முன்பே தெரியுமா?
– ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

மென்பொருள் கிடக்கட்டும். அலாரத்துக்கு மேல் எல்லை மட்டும்தானே வைத்திருக்கிறீர்கள்? சத்தம் கூடினால்தான் கோளாறு என்பது பம்பிலும் பேரிங்கிலும் படிந்த பழக்கம். அதை அப்படியே ரியாக்டருக்குக் கொண்டுவந்தது பெரிய தவறு.

ரியாக்டருக்குள் வாயுவில் மிதக்கும் பாலிஎதிலீன் தூள்மணிகள் சுவரில் மோதுவதைத்தான் அந்த சென்சார் கேட்கிறது. பாலிமர் உருகிச் சுவரில் ஒட்டிவிட்டால் மோதல் இரும்பில் விழாது, மெத்தையில் விழும். அந்த இடத்தில் ஒலி அடங்கும். தூள் ஒட்டிக் கட்டியாகி உள்ளே உருள்வது வேறு விஷயம்: ஒலியாற்றல் தாழ்ந்த அதிர்வெண் பக்கம் நகரும், மொத்த டெசிபல் அசையாமலே இருக்கலாம்.

கீழ் எல்லையும் வையுங்கள். வைத்ததும் இரவு ஷிப்டில் பொய் அலாரம் அடிக்கும், ஆபரேட்டர் அணைத்துவிடுவார். பாவம், அவரைத் திட்டாதீர்கள். 80, 100 டிகிரிச் சுவரில், சென்சாருக்கு ஒலியைக் கடத்தும் கிரீஸ் காய்ந்தாலும் ஒலி அடங்கும். சென்சாரைச் சுவரில் பிடித்திருக்கும் காந்தப்பிடி தளர்ந்தாலும் அடங்கும். வாயு வேகத்தைக் குறைத்தாலும் அப்படியே. அதனால் ஒவ்வொரு கிரேடுக்கும் (பாலிஎதிலீன் ரகத்துக்கும்) வாயு வேகத்துக்கும் நல்ல நிலையின் ஒலியைத் தனித்தனியே பதிந்து வைத்திருக்க வேண்டும். அது இல்லாமல் எந்த மென்பொருள் எதைக் கற்றுக்கொள்ளும்?

செத்த சென்சாரா, பாலிமர் மூடிய சுவரா என்று பிரிக்க ஒரு மெக்கானிக்கல் பென்சில் போதும். 0.5 மி.மீ. 2எச் லெட்டை 3 மி.மீ. நீட்டி, சென்சாரிலிருந்து 5 செ.மீ. தள்ளி, சுவரில் சாய்த்து ஒடியுங்கள். மூன்று முறை. ஒடியும் ஒலி, சென்சார் பொருத்திய நாளில் இதேபோல் ஒடித்துப் பதிந்த அளவோடு 3 டெசிபலுக்குள் வந்தால் சென்சார் சரி, சந்தேகம் சுவர்மேல். பக்கத்து தெர்மோகப்பிளை (சுவரின் வெப்பம் காட்டும் சென்சாரை) பாருங்கள். அதுவும் ஏறியிருந்தால் வினையூக்கியைக் குறைக்கத் தாமதிக்கக் கூடாது. அளவு வராவிட்டால் சென்சாரைக் கழற்றி, பெயின்ட்டைச் சுரண்டி, உயர்வெப்ப சிலிக்கோன் கிரீஸ் புதிதாக இட்டு மறுபடி ஒடியுங்கள். இதை வாரந்தோறும் செய்யுங்கள், லாக்கில் எழுதுங்கள். சோம்பல் வேண்டாம்.

சென்சார்கள் எந்த உயரத்தில் இருக்கின்றன என்று எழுதவே இல்லையே! அடியில் வாயுவைப் பரப்பிவிடும் விநியோகத் தட்டுக்கு மேலே, ரியாக்டர் விட்டத்தின் அரை முதல் முக்கால் பங்கு உயரத்தில்தான் ஷீட் பெரும்பாலும் தொடங்கும். அங்கே சென்சார் இல்லையென்றால் முதலில் இடத்தை மாற்றுங்கள்.