கராஜ் கேள்வி பதில்: இடப்பக்கம் இழுக்கும் கெப்

கேள்வி: குச்சவெளியில் இருந்து திருகோணமலை டவுனுக்கு மீன் ஏற்றும் பழைய டபுள் கெப் என்னுடையது. ஓடும்போது இடப்பக்கம் இழுக்கிறது. நேர் ரோட்டிலும் ஸ்டியரிங் கொஞ்சம் திரும்பியே நிற்கிறது. முன் இடது டயர் உள்பக்கம் மட்டும் மொட்டையாகிவிட்டது. வீல் அலைன்மென்ட் செய்தால் ஒரு கிழமைக்குப் பரவாயில்லை, பிறகு பழையபடிதான். புது டயர் போடட்டுமா?

பதில்: தம்பி, டயரில் கம்பி தெரிந்தால் இன்றைக்கே ஸ்பெயாரை மாட்டுங்கள். அதைத் தவிர டயருக்கு இப்போது காசு செலவழிக்க வேண்டாம். புதுசும் அதே பக்கம் தேயும். அலைன்மென்ட்டில் பிடித்துவைத்த சில்லுக் கோணங்கள் ஒரு கிழமைக்கு மேல் நிற்கவில்லை என்றால் கீழே ஏதோ ஒன்று ஆடுகிறது. அந்த ஆட்டத்தை எடுக்காமல் மெஷினில் ஏற்றுவது வீண்.

முதலில் செலவில்லாத வேலை. காலையில் ஓடுமுன் நாலு டயருக்கும் காற்றுப் பாருங்கள். இடது முன் டயரில் குறைந்தாலே அந்தப் பக்கம் இழுக்கும். மழைத்தண்ணீர் வடிய நம் ரோடுகள் ஓரத்துக்குச் சரிவாகப் போடப்பட்டவை, அதனால் எந்த வாகனமும் இலேசாக இடப்பக்கம் சாயும். அதை நோய் என்று எண்ண வேண்டாம். அப்புறம் முன் டயர் இரண்டையும் இடம் மாற்றி ஓடுங்கள். இழுவை வலப்பக்கம் மாறினால் குற்றம் டயரில். மாறாவிட்டால், டவுனுக்கு வந்து நிறுத்தியதும் முன் ரிம்களுக்குக் கிட்டக் கையைக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அந்தச் சில்லின் பிரேக் கலிப்பர், அதாவது பிரேக் தட்டைக் கவ்வும் பகுதி, இறுகிப் பிடிக்கிறது. அதற்கு அலைன்மென்ட் என்ன செய்யும்?

இதெல்லாம் சரி என்றால் என் சந்தேகம் கீழ் ஆர்ம் புஷ்ஷில்தான், அதாவது சில்லைத் தாங்கும் கீழ்க் கையை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் ரப்பரில். புஷ் நைந்தால் ஓட்டத்தில் சில்லு சற்றுப் பின்னுக்குப் போகும், காஸ்டர் (பக்கத்திலிருந்து பார்த்தால் ஸ்டியரிங் அச்சு பின்னுக்குச் சாய்ந்திருக்கும் அளவு) குறையும், குறைந்த பக்கம் வண்டி இழுக்கும். பல கெப்களில் கேம்பரையும் (முன்னால் நின்று பார்த்தால் சில்லின் சாய்வு) காஸ்டரையும் திருத்துவது அந்த ஆர்மைப் பிடிக்கும் கேம் போல்ட்டில், அதைத் திருப்பினால் ஆர்ம் நகரும். கடற்கரை உப்புக்காற்றில் அந்த போல்ட் புஷ்ஷின் இரும்புக் குழலோடு துருவேறி ஒன்றாகிவிடும். ஸ்பனர் போட்டால் ரப்பர்தான் முறுகும், போல்ட் திரும்பாது. அலைன்மென்ட்காரரும் பாவம், திரும்புகிற நட், ஸ்டியரிங்கைச் சில்லோடு இணைக்கும் டை ரொட்டில் மட்டும் இருக்கும்போது, டோவை (முன் சில்லுகள் உள்ளுக்கோ வெளியிலோ திரும்பி நிற்கும் அளவு) பிடித்து, ஸ்டியரிங்கை நேராக்கி அனுப்பிவிடுவார். ஒரு கிழமையில் புஷ் மறுபடி அசையும்.

ஆகவே வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுத் தாளைக் கேட்டு வாங்குங்கள். டோ மாறி, கேம்பரும் காஸ்டரும் அப்படியே கிடந்தால் போல்ட் திரும்பவில்லை என்பது விளங்கிவிடும். போல்ட்டை அறுத்தெடுத்து, புது புஷ்ஷைப் போட்டு, புது போல்ட்டுக்குக் கிரீஸ் பூசி மாட்டச் சொல்லுங்கள். கடைசி இறுக்கு, வாகனம் சில்லில் நிற்கும்போது. ஜக்கில் தூக்கி வைத்தபடி இறுக்கினால் புது ரப்பர் முறுகியே இருந்து சீக்கிரம் கிழியும். பலர் இதைக் கவனிப்பதில்லை, பக்கத்தில் நின்று பாருங்கள்.

மீன் வண்டி என்பதால் இன்னொன்று. ஐஸ் பெட்டியில் இருந்து வடியும் உப்புத்தண்ணீர் பின் ஸ்பிரிங் பட்டைகளில்தான் விழும். அங்கே பட்டைகளை ஒன்றாகப் பிடித்து அச்சை இடத்தில் நிறுத்தும் சென்டர் போல்ட் அறுந்தால் பின் அச்சு நகர்ந்து வண்டி நண்டு மாதிரி ஓடும், ஸ்டியரிங்கும் கோணலாக நிற்கும். ஸ்டியரிங்கை நேராக வைத்து, முன் சில்லின் நடுவிலிருந்து பின் சில்லின் நடுவரை இரண்டு பக்கமும் டேப் பிடித்து அளந்து பாருங்கள். வித்தியாசம் இருந்தால் முதலில் பின்பக்கத்தைச் செய்யுங்கள்.

கேள்வி: கிண்ணியாவில் வயலுக்குப் போய்வரும் என் கெப், 80 கிலோமீட்டரைத் தாண்டினால் ஸ்டியரிங் நடுங்குகிறது. அலைன்மென்ட் செய்யலாமா?

பதில்: அநேகமாக இது பலன்சிங் சங்கதி, அதாவது சில்லின் பாரம் சுற்றிலும் சமமாக இல்லை. அதற்கும் காசு கொடுக்குமுன் ரிம்மின் உள்பக்கத்தைக் குனிந்து பாருங்கள். வயல் சேறு காய்ந்து ஒட்டியிருக்கும். சுரண்டிக் கழுவிவிட்டு ஓடிப் பாருங்கள், நடுக்கம் போகாவிட்டால் பலன்ஸ் பண்ணக் கொடுக்கலாம்.