ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலை வீட்டிலேயே மாற்றலாமா?

கேள்வி: 2010-ஆம் ஆண்டு ஹோண்டா சிவிக் ஆட்டோமேட்டிக் காரைச் செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறேன். 92,000 கிலோமீட்டர் ஓடியுள்ளது. கியர்பாக்ஸ் ஆயில் மாற்றியதற்கு எந்தப் பதிவும் இல்லை. மெஷின் வைத்து முழுவதையும் ஃபிளஷ் செய்ய வேண்டும் என்கிறார் ஒரு மெக்கானிக். இத்தனை காலம் மாற்றாததை இனித் தொட்டால் கியர் வழுக்கும் என்கிறார் மற்றொருவர். நானே வீட்டில் மாற்றலாமா?

பதில்: மாற்றலாம். உங்கள் வண்டியின் கியர்பாக்ஸில் அளவுக்கம்பியும் (டிப்ஸ்டிக்) அடியில் வடிபோல்ட்டும் இருப்பதால், வீட்டில் செய்வதற்கு எளிதானவற்றுள் இதுவும் ஒன்று. ஆனால் இதைப் படிக்கும் மற்றவர்கள், தங்கள் வண்டியும் ஆட்டோமேட்டிக்தானே என்று இதே முறையைக் கையாள வேண்டாம். 2014-இல் மாருதி செலேரியோவுடன் வந்த, கிளட்சையும் கியரையும் தானே இயக்கிக்கொள்ளும் ஏஎம்டி, அடிப்படையில் சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். அதற்கு ஊற்றுவது வேறு ஆயில். 2014 முதல் வந்த ஹோண்டா சிட்டி பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கில் இருப்பது சிவிடி. அதற்கு எச்சிஎஃப்-2 என்னும் தனி ஆயில் உண்டு. உலோகப் பெல்ட்டின் பிடிமானத்தை நம்பி ஓடும் அந்த கியர்பாக்ஸில் ஏடிஎஃப் (வழக்கமான ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) ஊற்றினால் பெல்ட்டும் புல்லியும் தேய்ந்து கெடும்.

உங்கள் சிவிக்குக்கு உரியது ஹோண்டா ஏடிஎஃப் டிடபிள்யூ-1. முன்பு வந்துகொண்டிருந்த இசட்-1 ஆயிலுக்கு மாற்றாக வந்தது இது. இந்த ஆயில் மசகு மட்டும் அன்று. கியரை மாற்றும் அழுத்தத்தைக் கடத்துவதும், கிளட்ச் தட்டுகள் எவ்வளவு பிடித்து எவ்வளவு நழுவ வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதும் இதுவே. ஆகவே எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று டப்பாவில் அச்சிட்டு விற்பதைச் சில நூறு ரூபாய் மிச்சத்துக்காக வாங்காதீர்கள்.

கியர் வழுக்கும் என்ற அச்சத்தில் பாதி உண்மை இருக்கிறது. கிளட்ச் தட்டுகள் ஏற்கெனவே தேய்ந்துபோன கியர்பாக்ஸில், பழைய ஆயிலில் கலந்திருக்கும் தேய்மானத் துகள்களே ஓரளவு பிடிமானம் தந்துகொண்டிருக்கும். அதை ஒரே நாளில் முழுவதுமாக அகற்றினால், மறைந்திருந்த பழுது வெளிப்பட்டுவிடும். பழுதை உண்டாக்கியது புது ஆயில் அன்று. எனவே முதலில் அளவுக்கம்பியை உருவி, வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். பழுப்பேறிய சிவப்பாக இருந்து, கியரும் அதிராமல் மாறுகிறது என்றால் தயங்காமல் மாற்றலாம். கருத்துப்போய்த் தீய்ந்த வாடை அடித்தாலோ, ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது எஞ்சின் மட்டும் இரைந்து வண்டி நகரத் தாமதித்தாலோ, ஆயிலைத் தொடாமல் தேர்ந்த மெக்கானிக்கிடம் காட்டுங்கள். எப்படியானாலும் மெஷின் ஃபிளஷ் வேண்டாம் என்பதே என் கருத்து.

வடிபோல்ட்டைத் திறந்தால் ஏறத்தாழ 2.4 லிட்டர்தான் இறங்கும். மொத்தக் கொள்ளளவு சுமார் 6 லிட்டர். மீதி, எஞ்சினின் விசையை ஆயில் வழியே கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரிலும் உட்குழாய்களிலும் தங்கிவிடும். ஒருமுறை மாற்றினால் பழைய ஆயில் 60 விழுக்காடும், இரண்டாம் முறை 36 விழுக்காடும், மூன்றாம் முறை ஏறத்தாழ 22 விழுக்காடும் எஞ்சும். ஒவ்வொரு முறைக்கும் இடையே சில நூறு கிலோமீட்டர் ஓட்டி, மூன்று முறை மாற்றுங்கள். நெடுங்காலம் கவனிக்கப்படாத கியர்பாக்ஸுக்கு இந்தப் படிப்படியான மாற்றமே ஏற்றது.

வண்டியைச் சற்று ஓட்டி, ஆயில் வெதுவெதுப்பாக இருக்கும்போது வடியுங்கள். ஜாக்கை மட்டும் நம்பி ஒருபோதும் வண்டிக்கு அடியில் போகாதீர்கள். சமதளத்தில் ஹேண்ட்பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஜாக் ஸ்டாண்டின் மீது வண்டி அசையாமல் நிற்கிறதா என்று தள்ளிப் பார்த்த பிறகே குனியுங்கள். முன் இடது சக்கரத்தின் அருகே, தலையில் சதுரக் குழி உள்ள போல்ட்தான் நீங்கள் தேடுவது. 3/8 அங்குல ராட்செட்டின் முனை அதில் நேராக உட்காரும். எஞ்சின் ஆயில் போல்ட்டுக்கோ 17 மி.மீ. அறுகோணத் தலை. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல், எஞ்சின் ஆயில் என்று நினைத்து ஏடிஎஃப்-ஐ வடித்துவிட்டு, எஞ்சினில் இரட்டை அளவு ஆயிலோடு என்னிடம் வந்த வண்டிகள் உண்டு.

கழற்றிய போல்ட்டின் முனையில் காந்தம் இருக்கும். விரலால் வழித்தால் மை போன்ற சாம்பல் நிறப் பசை வரும். அது இயல்பான தேய்மானம், துடைத்துவிடலாம். நகத்தில் குத்தும் அளவுக்கு உலோகச் சில்லு கிடைத்தால்தான் கவலைப்பட வேண்டும். வாஷரைப் புதிதாக மாற்றி, போல்ட்டை 49 நியூட்டன் மீட்டருக்கு முடுக்குங்கள்.

இறங்கிய ஆயிலை உடனே அளக்காதீர்கள். சூட்டில் அது விரிந்திருக்கும். நன்றாக ஆறிய பின் அளந்து, அதே அளவு புது ஆயிலை, நீண்ட மெல்லிய புனல் வைத்து அளவுக்கம்பிக் குழாய் வழியே ஊற்றுங்கள். கம்பியைத் துடைக்க பனியன் வேஸ்ட் கூடாது. ஒரு நூலிழை உள்ளே போனாலும், அது, ஆயில் அழுத்தத்தை வழிநடத்தும் வால்வு பாடியின் நுண்ணிய துளைகளில் சிக்கிக்கொள்ளக்கூடும். பிறகு வண்டியைத் தரையில் இறக்கி, எஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்தபடி கியர் லீவரை ஒவ்வொரு நிலையிலும் சில நொடிகள் நிறுத்தி, ரேடியேட்டர் ஃபேன் ஓடும் வரை எஞ்சினைச் சூடாக்கி, சமதளத்தில் அணைத்துவிடுங்கள். அணைத்து 60 நொடிக்குப் பின், 90 நொடிக்குள், அளவு பாருங்கள். அதற்கு முன்போ பின்போ பார்த்தால் அளவு தவறும். இரண்டு கோடுகளுக்கு இடையே இருந்தால் போதும்; மேல்கோட்டைத் தாண்ட விடாதீர்கள், மிகுந்தால் நுரைத்து அழுத்தம் குறையும்.

பழைய ஆயிலைச் சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டாதீர்கள். 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அது அபாயகரக் கழிவு. மூடிய கேனில் அடைத்து, அனுமதி பெற்ற மறுசுழற்சியாளருக்கு அனுப்பும் ஒர்க்‌ஷாப்பில் ஒப்படையுங்கள்.

அன்றிரவு வடிபோல்ட்டுக்கு நேர் கீழே ஓர் அட்டையை விரித்துவையுங்கள். காலையில் அதில் சிவப்புச் சொட்டு தெரிந்தால், போல்ட்டை இன்னும் முடுக்கிப் பார்க்க வேண்டாம். கியர்பாக்ஸின் உறை அலுமினியம், மரை எளிதில் சிதைந்துவிடும். மீண்டும் வடித்து, வாஷர் உட்காரும் பரப்பைச் சுத்தமாகத் துடைத்து, வேறு புது வாஷர் போட்டு அதே அளவுக்கு முடுக்குங்கள்.