கோபக்காரர் – கடிதமும் பதிலும்

வணக்கம் அம்மா,

நான் லண்டனில் பிறந்தவள். சட்டப் பட்டப்படிப்பின் இறுதியாண்டில் இருக்கிறேன். குடும்பச் சட்டத்தில் பாரிஸ்டராக, அதாவது நீதிமன்றத்தில் வாதாடும் வழக்கறிஞராக, விரும்புகிறேன். அப்பாவோ, "புருஷன் பெண்சாதி சண்டைக்கு இவ்வளவு படிப்பா? வணிகச் சட்டத்துக்குப் போ" என்கிறார். பாரிஸ்டராக வேண்டியவர்கள் சேரும் 'இன்' என்ற நான்கு சங்கங்களில் எதில் சேரலாம்? பியூப்பிலேஜ் என்ற தொழிற்பயிற்சி இடம் கிடைப்பது அவ்வளவு கடினமா? என் அரைகுறைத் தமிழ் ஏதேனும் பயன்படுமா? வாய் திறக்க முடியாத எங்கள் பெண்களின் குரலாக இருந்து, அவர்களுக்காக மட்டுமே வாதாட வேண்டும் என்பது என் கனவு.

வாசகி, ஹரோ

அன்புள்ள மகளுக்கு,

மேசை லாச்சியைத் துப்புரவாக்கியபோது என் பழைய மொழிபெயர்ப்பாளர் அடையாள அட்டை கையில் கிடைத்தது; அதே கிழமையில் உமது கடிதமும் வந்தது. இல்லாவிட்டால் இதற்கு இரண்டு வரியில் பதில் எழுதியிருப்பேன்.

அப்பாவின் கதையை விடும். அரசின் சட்ட உதவியில் நடக்கும் குடும்ப வழக்குகளில் வருமானம் குறைவு என்று அவர் சொல்லியிருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன். அந்த உதவியும் 2013 ஏப்ரலுக்குப் பிறகு, பிரிந்த பெற்றோரின் வழக்குகளில் பெரும்பாலும், வீட்டு வன்முறைக்குச் சான்று காட்டக்கூடியவர்களுக்கே கிடைக்கிறது. பியூப்பிலேஜ் கடினம்தான். பன்னிரண்டு மாதப் பயிற்சியில் முதல் ஆறு மாதம் மூத்தவர் ஒருவரின் பின்னால் நடந்து பார்க்க வேண்டும், அடுத்த ஆறு மாதம் நீரே வழக்குகளில் எழுந்து நின்று பேசலாம். இருக்கும் இடங்களைவிடப் பல மடங்கு பேர் விண்ணப்பிக்கிறார்கள். இதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் "குரலாக இருப்பேன்" என்று எழுதினீரே, அதை வாசித்ததும் எனக்குக் கோபம் வந்தது. அந்தப் பெண்களுக்குக் குரல் இல்லையென்று உமக்கு யார் சொன்னது?

ஆளையும் ஊரையும் அடையாளம் தெரியாதபடி மாற்றியே இதைச் சொல்கிறேன், ஏனெனில் குடும்ப வழக்குகள் மூடிய அறையில் நடப்பவை. பல ஆண்டுகளுக்கு முன், மகளைத் தகப்பன் எப்போது, எங்கே சந்திப்பது என்ற வழக்கில் ஒரு தாய்க்காக மொழிபெயர்க்கப் போயிருந்தேன். வழக்கைத் தயார்செய்யும் வழக்கறிஞரான சொலிசிட்டர் முதல்நாள் கணவரைப் பற்றிக் கேட்டபோது, "அவர் கோபக்காரர்" என்று அந்தப் பெண் சொன்னார். அதை நான் அப்படியே, முன்கோபமுள்ள மனிதர் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். சொலிசிட்டர் எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். ஒரு சொல்லைச் சரியாக மொழிபெயர்த்துவிட்டுப் பிழை செய்யலாம் என்பதை நான் அறிந்துகொண்டது, விசாரணையன்று, நீதிமன்ற நடைபாதையின் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தபோதுதான். வந்திருந்த பாரிஸ்டர் பயிற்சியின் இரண்டாவது ஆறு மாதத்தில் இருந்த ஓர் ஆங்கிலேயப் பையன். தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. (விக்கும் கவுனும் குடும்ப நீதிமன்றத்தில் வழக்கமாக இல்லை, பாடசாலைப் பிள்ளை போலவே இருந்தான்.) அவன் வழக்குக் கோப்பை மூடி மடியில் வைத்துவிட்டு, "அவருக்குக் கோபம் வந்தால் வீட்டில் என்ன நடக்கும்?" என்று மட்டும் கேட்டான்.

"சோத்துப் பானையைத் தூக்கி சிங்குக்குள்ள கவுத்துப்போடுவார். பிறகு ஒருத்தரும் சாப்பிடக் கூடாது" என்றார் அந்தப் பெண். அவருடைய வங்கி அட்டையும் கடவுச்சீட்டும் கணவரின் லாச்சியில் பூட்டிக் கிடப்பதும் அதன் பிறகுதான் வெளியே வந்தது.

அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட குற்றச்சாட்டுகளை 'ஸ்கொட் ஷெடியூல்' என்ற அட்டவணையில் நாள்வாரியாக நிரப்ப வேண்டும். அந்தப் பெண்ணுக்குத் தேதிகள் தெரியாது. மகளுக்கு முன்பல் விழுந்த கிழமை, நல்லூர்க் கோயில் கொடியேற்றத்துக்கு முதல்நாள் என்றுதான் சொன்னார். பையன் சலிக்கவில்லை. நல்லூர் என்பதை என்னிடம் எழுத்துக் கூட்டிக் கேட்டு, அந்த ஆண்டின் கொடியேற்ற நாளைத் தொலைபேசியில் தேடியெடுத்து, அதற்கு முந்திய தேதியைக் கட்டத்தில் எழுதினான். தனித்தனிச் சம்பவங்களை இப்படிக் கட்டங்களில் அடைத்தால் ஒருவரை ஆண்டுக்கணக்காக அடக்கி ஆண்ட நடத்தை முழுதாகத் தெரியாது என்பதை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2021 மார்ச்சில்தான் விரிவாக எடுத்துச் சொன்னது.

உள்ளே போகும் முன் பையன், தகப்பன் பிள்ளையைச் சந்திக்கவே கூடாது என்று கேட்கலாம் என்றான். நீரும் அதைத்தான் கேட்டிருப்பீர், அதுவும் உரத்த குரலில். அந்தப் பெண்ணோ மறுத்துவிட்டார்: மகள் தகப்பனைப் பார்க்க வேண்டும், ஆனால் வேறொருவர் பக்கத்தில் இருக்க வேண்டும், தன் வீட்டு வாசலில் அல்ல, அவ்வளவுதான். 1989ஆம் ஆண்டின் பிள்ளைகள் சட்டப்படி பிள்ளையின் நலனே நீதிமன்றத்துக்கு முதன்மையானது. அந்தச் சட்டத்தை வாசித்தறியாத ஒரு தாய், தன் காயத்தை ஒதுக்கி வைத்துவிட்டு அதையே பேசினார். பையன் தான் எழுதி வைத்திருந்த வரியை அடித்துவிட்டு அவர் சொன்னதை எழுதினான். கட்சிக்காரர் சொல்வதைத்தான் உங்கள் தொழிலில் 'இன்ஸ்ட்ரக்ஷன்ஸ்' என்கிறீர்கள். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று ஒருநாளாவது யோசித்தீரா, பிள்ளை? அறிவுறுத்துபவர் அவர், கேட்டு நடப்பவர் நீர். நீதிமன்றம் என்ன முடிவு சொன்னது என்று கேட்காதேயும், சொல்ல மாட்டேன்.

பெண்களுக்காக மட்டும் வாதாடுவதும் நடவாது. வரிசையில் நிற்கும் டாக்சி போல, உமக்குத் தகுதியும் நேரமும் உள்ள வழக்கு உரிய ஊதியத்தோடு வந்தால், ஆளைப் பிடிக்கவில்லை என்பதற்காகத் தட்டிக்கழிக்க பாரிஸ்டருக்கு அனுமதியில்லை. நாளை அந்தத் தகப்பனே உமது பக்கத்துக் கதிரையில் வந்து இருக்கலாம்; அவரிடமும் அதே பொறுமையோடு கேட்க வேண்டியிருக்கும்.

உமது தமிழ் அரைகுறை என்று கூச்சப்படாதேயும், ஆனால் அதை நம்பி மொழிபெயர்ப்பாளரை விலக்கியும் விடாதேயும். எனக்கு முழுத் தமிழும் தெரிந்திருந்தது. கோபக்காரர் என்ற சொல்லை நான் தாண்டிப் போனதும் அதனால்தான், அதன் அர்த்தம் எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

எந்த இன் என்று கேட்டிருந்தீர். லிங்கன்ஸ் இன், கிரேஸ் இன், இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள் நான்கும் தொழிலுக்கு ஒன்றுதான். ஆனால் உதவித்தொகைக்கு ஒன்றில் மட்டுமே விண்ணப்பிக்கலாம் என்பதால், நான்கின் விதிகளையும் ஒரு தடவை ஆறுதலாக வாசித்துவிட்டுச் சேரும்.