விடுதி வைஃபையில் படம் இறக்கலாமா? இங்கிலாந்து வரும் தம்பிக்கு

சைபர் செக்யூரிட்டியில் எம்.எஸ்சி. படிக்க செப்டம்பரில் இங்கிலாந்து வரவிருக்கும் திருநெல்வேலித் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அண்ணா, யுனிவர்சிட்டியில் லாகின் தரும்போதே கணினி, நெட்வொர்க் விதிகள் என்று 12 பக்கம் அனுப்பி, 'ஏற்கிறேன்' என்று அழுத்தச் சொல்கிறார்கள். இதையெல்லாம் நிஜமாகவே பார்ப்பார்களா? விடுதி வைஃபையில் படம் டவுன்லோடு செய்தால் மாட்டுவோமா? விபிஎன் போட்டால் போதும் என்கிறான் நண்பன்."

தம்பி, 2009இல் வந்தபோது நானும் படிக்காமல்தான் அழுத்தினேன். மூன்றாவது வாரமே பலன் கிடைத்தது. அப்போது அறைக்குச் சுவரில் ஒரே ஒரு நெட் பாயிண்ட். லேப்டாப்புக்கும் வேண்டும், போனுக்கும் வேண்டும் என்று மலிவாக ஒரு ரூட்டர் வாங்கி மாட்டினேன், அதுவும் கேபிளைத் தவறான துளையில். என் ரூட்டர் பாட்டுக்கு அக்கம்பக்கத்து அறைக் கணினிகளுக்கெல்லாம் ஐபி முகவரி (நெட்வொர்க்கில் ஒரு கருவியை அடையாளம் காட்டும் எண்) வழங்க ஆரம்பித்துவிட்டது. அதை வாங்கிய யாருக்கும் இணையம் வரவில்லை. மறுநாள் பலருக்கு அசைன்மென்ட் கெடு வேறு. தாழ்வாரத்தில் ஆளாளுக்குக் கத்திக்கொண்டிருக்க, நானும் சேர்ந்து "என்னப்பா நெட் இது" என்று திட்டிக்கொண்டிருந்தேன். ராத்திரி எட்டு மணிக்கு என் பாயிண்ட்டை மட்டும் துண்டித்துவிட்டு மின்னஞ்சல் போட்டார்கள். என் அறை எண்ணும், ரூட்டரைச் செய்த கம்பெனியின் பெயரும் அதில் இருந்தன. மறுநாள் ஐடி கவுண்டரில் போய் "தெரியாமல் செய்துவிட்டேன்" என்றேன். பத்து நிமிடத்தில் இணைப்பு திரும்பி வந்தது. அன்றைக்குத்தான் அந்த 12 பக்கத்தையும் உட்கார்ந்து படித்தேன்.

இங்கே உங்கள் லாகின்தான் நீங்கள். எஜுரோம் என்ற, பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவான வைஃபையில் எந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் இணைந்தாலும், உங்களைச் சரிபார்ப்பது உங்கள் சொந்தப் பல்கலைக்கழகம்தான். எந்த நேரம், எந்தக் கருவி, எந்தக் கணக்கு என்பதெல்லாம் பதிவாகும். பல்கலைக்கழகமும் தன் இஷ்டத்துக்குக் கண்டும் காணாமல் இருந்துவிட முடியாது. பிரிட்டனின் பல்கலைக்கழகங்களை இணைப்பது 1984இல் தொடங்கிய ஜேனட் என்ற வலைப்பின்னல். ஜிஸ்க் அமைப்பு நடத்தும் அதற்கென்று தனி விதிகள் உண்டு. சேர்ந்திருக்கும் ஒவ்வொரு நிறுவனமும் தன் மாணவர்களை அவற்றுக்குள் வைத்திருக்க வேண்டும். தனியார் விடுதி என்றால் இணையத்தை வேறு கம்பெனி நடத்தும். விதிகளும் அவர்களுடையவை, அவற்றைத் தனியாகப் படியுங்கள்.

சரி, படத்துக்கு வருவோம். படம் இறக்குவோர் ஒருவருக்கொருவர் கோப்பைத் துண்டு துண்டாகப் பகிரும் டொரன்ட்டில், நீங்கள் இறக்கும்போதே இறக்கிய துண்டுகளை மற்றவர்களுக்கு ஏற்றியும் கொடுக்கிறீர்கள். படத்தின் உரிமையாளர் தரப்பு அமர்த்திய ஆட்களும் அதே கூட்டத்தில் நின்று ஐபி முகவரியையும் நேரத்தையும் குறித்துக்கொள்வார்கள். புகார் பல்கலைக்கழகத்துக்கு வரும். அந்த நேரத்தில் அந்த முகவரி யாரிடம் இருந்தது என்று பதிவைப் பார்த்துப் பிடிப்பார்கள். பொதுவாக முதல் தடவை எச்சரிக்கை, இணைப்புத் துண்டிப்பு. திரும்பச் செய்தால் ஒழுங்கு நடவடிக்கை. விபிஎன் என்பது உங்கள் இணைப்பை வேறொரு கணினி வழியாகக் கொண்டுபோய் நிஜ முகவரியை மறைக்கும் சேவை. அதை வைத்திருப்பது குற்றமில்லை, நூலகத்துக்காகப் பல்கலைக்கழகமே ஒன்று தரும். ஆனால் நண்பர் சொல்லும் விபிஎன் நடு இரவில் ஒரு நிமிடம் அறுந்தால், டொரன்ட் உங்கள் நிஜ முகவரியில் ஓடிக்கொண்டிருக்கும். நீங்கள் தூங்கிக்கொண்டிருப்பீர்கள்.

உண்மையில் நம் பிள்ளைகள் அதிகம் மாட்டுவது படத்தில் இல்லை, பாஸ்வேர்டில். ஊரில் ஒரே பாஸ்வேர்டை அறையில் நாலு பேரும் வைத்திருப்போம். இங்கே கூட்டாளி பார்ட்டைம் வேலைக்குப் போய்விட்டு, "மச்சி, என் லாகின்ல போய் அட்டெண்டன்ஸ் கோடு போட்டுடு" என்பான். போட்டால் நீங்கள் அடுத்தவர் கணக்கில் நுழைந்தவர், அவர் தன் கணக்கைக் கொடுத்தவர், இருவருமே விதி மீறியவர்கள். இதில் விசாவும் சிக்கிக்கொண்டிருக்கிறது. உங்கள் விசாவுக்கு ஸ்பான்சர் பல்கலைக்கழகம். நீங்கள் வகுப்பில் ஈடுபடுகிறீர்களா என்று கவனித்து, இல்லையென்றால் உள்துறைக்குச் சொல்லும் கடமை அதற்கு உண்டு. பொய்யான வருகைப்பதிவை அவர்கள் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்வதில்லை. நட்புக்காக இதைச் செய்யாதீர்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

உங்கள் படிப்பு சைபர் செக்யூரிட்டி என்பதால் இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். வகுப்பில் என்மேப் (நெட்வொர்க்கில் என்னென்ன கருவிகள், திறந்த வாசல்கள் இருக்கின்றன என்று துழாவும் மென்பொருள்) கற்றுத்தந்த அன்றைக்கே விடுதி நெட்வொர்க்கில் ஓட்டிப் பார்க்கக் கை துறுதுறுக்கும். ஓட்டாதீர்கள். லேபில் அதற்கென்று தனியாகப் பிரித்துவைத்த இயந்திரங்கள் இருக்கும், இல்லையென்றால் உங்கள் லேப்டாப்பிலேயே மெய்நிகர் இயந்திரங்கள் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் கணினிகள்) போட்டு விளையாடுங்கள். பாதுகாப்பு ஓட்டை ஒன்று தற்செயலாகக் கண்ணில் பட்டால், உள்ளே போய்ப் பார்க்காமல் ஐடி பாதுகாப்புக் குழுவுக்கு எழுதுங்கள்.

அனுமதியில்லாமல் அடுத்தவர் கணினிக்குள் நுழைவதற்கு எதிராக இங்கே தனிச் சட்டமே இருக்கிறது, அது வந்ததற்கு ஒரு கதையும் உண்டு. எண்பதுகளில் ராபர்ட் ஷிஃப்ரீன், ஸ்டீபன் கோல்ட் என்ற இருவர் பிரெஸ்டெல் என்ற பிரிட்டிஷ் டெலிகாமின் கணினித் தகவல் சேவைக்குள் புகுந்து, இளவரசர் ஃபிலிப்பின் அஞ்சல்பெட்டி வரை போய்விட்டார்கள். அவர்கள் மீது போலி ஆவணச் சட்டத்தில் வழக்குப் போடப்பட்டது. மேல்முறையீட்டு நீதிமன்றம் இருவரையும் விடுவிக்க, அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 1988இல் அந்தச் சட்டம் பொருந்தாது என்று அதை உறுதிசெய்தது. அந்தப் பொத்தலை அடைக்க வந்ததுதான் 1990இன் கம்ப்யூட்டர் மிஸ்யூஸ் ஆக்ட். எதையும் திருடாமல், அனுமதியில்லை என்று தெரிந்தே நுழைந்தாலே 2 ஆண்டு வரை சிறை. "சும்மா பார்த்தேன் சார்" என்பது இங்கே செல்லாது.

'வணிகப் பயன்பாடு கூடாது' என்ற வரியையும் சாதாரணமாகக் கடந்து போகாதீர்கள். யூடியூப் சேனல் நடத்திக் காசு பார்ப்பது, இணையத்தில் பொருள் வாங்கி விற்பது, ஊர்க் கம்பெனிக்கு ஃப்ரீலான்ஸ் கோடிங்: நெட்வொர்க் விதி ஒருபுறம் இருக்கட்டும், மாணவர் விசாவே சுயதொழிலை அனுமதிப்பதில்லை. மாணவர் உரிமத்தில் கிடைக்கும் மென்பொருளைப் பார்ட்டைம் வேலைக்குப் பயன்படுத்துவதும் தவறுதான்.

நூலகத்தின் ஆய்விதழ்களைத் தேவைக்கு எடுங்கள். ஸ்கிரிப்ட் எழுதி மொத்தமாக இறக்கினால் பதிப்பாளர் பல்கலைக்கழகம் முழுவதற்கும் கதவைச் சாத்திவிடலாம். இப்படி எம்.ஐ.டி. நெட்வொர்க் வழியாக ஜேஸ்டோர் என்ற ஆய்விதழ்த் தொகுப்பின் கட்டுரைகளை இறக்கிய ஏரன் ஸ்வார்ட்ஸ் என்ற அமெரிக்க நிரலாளர் மீது 2011இல் அமெரிக்க அரசு கிரிமினல் வழக்கே போட்டது. அது அநியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன், ஆனாலும் நடந்தது.

அம்மாவோடு வீடியோ கால், நெட்ஃபிளிக்ஸ், தமிழ்ப் பாட்டு எல்லாம் தாராளமாக. நேரலைத் தொலைக்காட்சி மட்டும் கவனம். கிரிக்கெட்டோ சன் டிவியோ, எந்த நாட்டுச் சேனலானாலும் லேப்டாப்பில் அது ஒளிபரப்பாகும் நேரத்திலேயே பார்த்தால் டிவி லைசென்ஸ் வேண்டும். பிபிசி ஐபிளேயரில் எதைப் பார்த்தாலும் வேண்டும். இல்லாமல் பிடிபட்டால் 1,000 பவுண்டு வரை அபராதம். வந்த கொஞ்ச நாளிலேயே டிவி லைசென்ஸ் வசூலிப்பவர்களிடமிருந்து உங்கள் அறை எண்ணுக்கே மிரட்டுகிற தொனியில் ஒரு கடிதம் வரலாம். இதில் எதையும் பார்ப்பதில்லை என்றால் பதற வேண்டாம். லைசென்ஸ் தேவையில்லை என்று அவர்களுடைய தளத்தில் தெரிவித்துவிடுங்கள், இரண்டு நிமிட வேலை.