தக்காளிக்கு இரும்புக் கம்பி: எண்ணி வாங்காதீர்கள், எடை போட்டு வாங்குங்கள்

பாலக்கோடு வட்டத்து வாசகர் ஒருவர், தக்காளிச் செடிக்கு ஊன்றப் பட்டத்துக்குப் பட்டம் சவுக்குக் குச்சி வாங்கி மாளவில்லை என்றும், துத்தநாகம் பூசிய 8 எம்எம் கம்பியை வெட்டித் துண்டுக்கு இவ்வளவு என்ற விலையில் தோட்டத்திலேயே இறக்கித் தருவதாக ஒரு தரகர் சொல்வதை நம்பலாமா என்றும் கேட்டுள்ளார்.

கம்பி நல்ல முடிவுதான். துண்டு விலைதான் வேண்டாம். 12 மீட்டர் நீளமுள்ள 8 எம்எம் முறுக்குக் கம்பி ஏறக்குறைய 4.74 கிலோ எடை இருக்க வேண்டும். 7 எம்எம் கம்பியானால் சுமார் 3.6 கிலோதான். கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும் என்பதால், 8 எம்எம் என்று சொல்லி 7 எம்எம் கம்பியைத் தந்தால், ஒவ்வொரு துண்டிலும் ஏறக்குறைய கால் பங்கு இரும்பு தரகரிடமே தங்கிவிடும். முழுக் கம்பியாகக் கடையில் எடை போட்டு வாங்கி, 2 மீட்டர் வீதம் ஆறு துண்டுகளாக உங்கள் ஊர் வெல்டிங் பட்டறையிலேயே வெட்டிக்கொள்ளுங்கள். ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம் என்று விதி இருந்தும், முத்திரையில்லாத கம்பி சிற்றூர்க் கடைகளில் கட்டுக்கட்டாக விற்கிறது; சோதிக்க வேண்டியவர்கள் வராதவரை தராசுதான் விவசாயிக்குக் காவல்.

'துத்தநாகப் பூச்சு' என்பது வெறும் வெள்ளி நிறப் பெயின்ட்டாகவும் இருக்கலாம். அப்படியானால், கத்தியால் சுரண்டினால் செதிலாக உரிந்து கறுப்பு இரும்பு தெரியும். அதற்குக் கூடுதல் விலை தராமல் சாதாரணக் கம்பியே வாங்கி, மண்ணுக்குள் போகும் ஒன்றரை அடிக்கும் அதற்கு மேல் அரை அடிக்கும் ரெட் ஆக்சைடு என்னும் துருத்தடுப்புப் பெயின்டை இரண்டு முறை பூசுங்கள். துரு முதலில் பிடிப்பது மண்மட்டத்தில்தான். உண்மையிலேயே துத்தநாகம் பூசிய கம்பி கிடைத்தால், அதில் வெல்டிங் வைக்க விடாதீர்கள்; அந்தப் புகையைச் சுவாசிப்பவருக்கு அன்றிரவே குளிர்க்காய்ச்சல் வரக்கூடும்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் 8 எம்எம் போதாது. வரிசை நெடுகக் கயிறு இழுத்துக் கட்டுபவர்களுக்கு, காய் பிடித்தபின் மொத்தப் பாரமும் இரு முனைகளுக்குப் போய்ச் சேர்வதால், கடைசிக் கம்பிகள் உள்நோக்கிச் சாயும்; மழை பெய்து மண் இளகினால் வரிசையே படுத்துவிடும். முனைகளில் 12 எம்எம் கம்பியை இரண்டடி ஆழத்தில் வெளிப்பக்கம் சாய்த்து நடுங்கள், அல்லது கிருஷ்ணகிரிப் பக்கம் தாராளமாகக் கிடைக்கும் கல்தூணை நட்டுவிடுங்கள். செடிக்கொரு கம்பி நட்டுத் தனித்தனியாகக் கட்டுபவர்களுக்கு இந்தச் செலவு தேவையில்லை.

வெயிலில் கம்பி சுடும். தண்டை ஒட்டிக் கட்டாமல், சணல் கயிற்றை இடையில் ஒருமுறை முறுக்கி இடைவெளி விடுங்கள். மேல்முனையைக் கட்டாயம் வளையமாக வளைத்துவிடுங்கள், ஏனெனில் குனிந்து காய் பறிக்கும் பெண்களின் கண்ணுக்கு நேராக நிற்பது அந்த முனைதான்.