பூக்கட்டிக் கேட்கக்கூடாத கேள்வி

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 64 வயது. ரொம்ப வருஷமாகச் சர்க்கரை. வருஷம் தவறாமல் தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடியோடு நடந்து போகிறவர். இந்த முறை போய் வந்ததிலிருந்து வலது உள்ளங்காலில் ஒரு புண். ஆறு வாரமாகியும் ஆறவில்லை. "வலிக்கவே இல்லை, தானா ஆறிடும்" என்கிறார். டாக்டரிடம் போகலாமா என்று, சாமி முன்னால் இரண்டு பூப்பொட்டலம் வைத்து ஒன்றை எடுத்து, பூக்கட்டிப் பார்த்தார். சிவப்பு வந்தால் போகலாம், வெள்ளை வந்தால் வேண்டாம் என்று நினைத்தாராம், வெள்ளை வந்தது. "முருகனே வேண்டாங்கிறான், அவனன்றி ஓரணுவும் அசையாது, விதிச்சது நடக்கும்" என்று உட்கார்ந்துவிட்டார். என் ஜாதகக் கோளாறுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்கிறார் நாத்தனார். மகன் சிங்கப்பூரில். நான் வற்புறுத்தி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனால் சாமி சித்தத்துக்கு எதிராகப் போனதாகுமா? என் மாமனாருக்கும் இதே நோயில்தான் காலை எடுத்தார்கள்.
– ஓர் ஆச்சி, கண்டனூர்

பதில்: ஆச்சி, முதலில் காலைப் பார்ப்போம், கடவுளை அப்புறம் பார்க்கலாம். சர்க்கரை நாள்பட்டால் பாதத்து நரம்புகள் மரத்துப்போகும். தார் ரோட்டுச் சூடோ, குத்திய கல்லோ தெரியாது. வலிக்கவில்லை என்று செட்டியார் சொல்வது ஆறுதலான செய்தியே அல்ல. பயப்பட வேண்டியதே அதற்குத்தான். ஆறு வாரம் ஆறாத புண்ணை இனி ஒரு நாள்கூட வீட்டில் வைத்துப் பார்க்கக்கூடாது. காரைக்குடியில் அரசு மருத்துவமனை இருக்கிறது, பெரிய வைத்தியம் வேண்டுமென்றால் சிவகங்கையில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பார்கள், காலில் ரத்தம் ஓடுகிறதா என்று நாடி பார்ப்பார்கள், சீழ் எலும்பு வரை போயிருக்கிறதா என்று படம் எடுப்பார்கள். வீக்கம், நாற்றம், கறுப்பு, காய்ச்சல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். விரலோடு முடிய வேண்டியது முழங்கால் வரை போவது பல நேரம் தாமதத்தால்தான்.

இப்போது முருகனிடம் வருவோம். பூக்கட்டிப் பார்ப்பதை நான் கேலி செய்யவில்லை. இரண்டு நல்ல வரன் வந்து எதை முடிப்பது என்று மனம் தத்தளிக்கும்போது பொட்டலம் வைப்பார்கள், சரி. எந்தப் பூ வந்தாலும் பழுதில்லாத கேள்வி அது. வர வேண்டிய வட்டியை வசூலிக்கலாமா என்று நம் பக்கத்தில் யாரும் பூக்கட்டிக் கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. அதெல்லாம் கேட்காமலே செய்கிற காரியம். புண்ணைக் காட்டுவதும் அந்த வகைதான்.

அவனன்றி ஓரணுவும் அசையாது என்பதை அப்படியே ஒப்புக்கொள்வோம். அப்படியானால் டாக்டர் கையில் இருக்கும் கத்தியும் அவனன்றி அசையாது, நீங்கள் தினம் போடும் சண்டையும் அவனன்றி நடக்காது. ஆகவே உங்கள் பயம் தேவையில்லாதது; வற்புறுத்துவதால் நீங்கள் அவன் சித்தத்துக்கு வெளியே போய்விடமாட்டீர்கள். ஆனால் செட்டியார் மறுப்பதும் அவன் செயல்தானே என்று கேட்கலாம். ஆமாம். அதனால்தான் சொல்கிறேன், போவதா வேண்டாமா என்று முடிவெடுக்க அந்த வாக்கியம் உதவவே உதவாது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பொருந்துகிறது.

அவர் சைவர். அவருக்குச் சைவத்திலிருந்தே சொல்லுங்கள். திருச்செங்கோட்டில், அப்போது அதற்குக் கொடிமாடச் செங்குன்றூர் என்று பெயர், சம்பந்தரோடு வந்த அடியார்கள் குளிர்சுரத்தில் விழுந்தபோது அவர் பாடிய பதிகம் இப்படித் தொடங்குகிறது: "அவ்வினைக்கு இவ்வினையாம் என்று சொல்லும் அஃதறிவீர், உய்வினை நாடாது இருப்பதும் உந்தமக்கு ஊனமன்றே." அந்த வினைக்கு இந்த வினை என்று கணக்குச் சொல்லத் தெரிகிறதே, தப்பிக்கும் வழியைத் தேடாமல் இருப்பது உங்களுக்குக் குறையில்லையா என்று கேட்கிறார். சம்பந்தர் வைத்தியரைக் கூப்பிடவில்லையே, பாட்டுத்தானே பாடினார் என்று செட்டியார் மடக்குவார். மடக்கட்டும். வினை என்று சொல்லிச் சும்மா இருப்பது குறை என்ற வரியை அதனால் அழிக்க முடியாது.

சித்தாந்தத்திலும் வினை என்பது ஒரே மூட்டை இல்லை. முன்பு சேர்த்தது சஞ்சிதம், இந்தப் பிறவியில் அனுபவிக்க வந்தது பிராரத்தம், இப்போது செய்து புதிதாகச் சேர்ப்பது ஆகாமியம். சர்க்கரை வந்தது பிராரத்தம் என்றே வைத்துக்கொள்வோம். அதில் வந்த புண்ணுக்கு ஆறு வாரமாகத் துணி சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பது ஆகாமியம். குறளை இங்கே நான் இழுக்கவில்லை. விதியைவிட வலியது எது என்னும் 380-ஐ அவர் சொல்வார், முயன்றால் விதியையும் வெல்லலாம் என்னும் 620-ஐ நீங்கள் சொல்வீர்கள், புண் அப்படியே இருக்கும்.

விதி என்று ஒன்று இல்லவே இல்லை என்று நான் வாதாடவில்லை. 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்ததை, கடல் கடந்து கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்யப் போன எந்தச் செட்டியாரால் தடுத்திருக்க முடியும்? கடையும் நிலமும் போயின. கப்பல் கிடைக்காதவர்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தார்கள். குண்டு விழுந்தது அவர்கள் கையில் இல்லை, நடக்கத் தொடங்கியது அவர்கள் முடிவு. வழியில் மாண்டவர்களும் உண்டு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

நாத்தனார் விஷயத்துக்குக் கொஞ்சம் கோபத்தோடுதான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. கணியன் பூங்குன்றனார் நம் பக்கத்து மனிதர். திருப்பத்தூருக்கு அருகே இருக்கும் மகிபாலன்பட்டிதான் அவருடைய ஊர் என்பார்கள். ஆற்று வெள்ளத்தில் போகும் தெப்பம்போல உயிர் முறைவழியே போகும் என்று பாடியவர் அவர். அதாவது விதியை நம்பியவர். ஆனால் அந்த நம்பிக்கையிலிருந்து அவர் எடுத்த முடிவைப் பாருங்கள்: பெரியோரை வியக்கவும் மாட்டோம், சிறியோரை இகழ்வது அதைவிடவும் இல்லை. அடுத்தவரைப் பழிக்காமல் இருக்க அவருக்கு விதி தேவைப்பட்டது. வீட்டுக்கு வந்த பெண்ணின் ஜாதகத்தில் பழி போட நாத்தனாருக்குத் தேவைப்படுகிறது. "தீதும் நன்றும் பிறர்தர வாரா" என்பதும் அதே பாட்டுத்தான். அண்ணன் காலில் வந்த புண்ணுக்கு அண்ணன் சர்க்கரையைத்தான் கேட்க வேண்டும்.

கடைசியாக நீங்கள் போகிறபோக்கில் எழுதிய வரி. மாமனாருக்குக் காலை எடுத்தார்கள். என் கணிப்பில் செட்டியாரின் விதி இதுதான், ஆச்சி. தன் அப்பச்சி நடந்து போய்க் கால் இல்லாமல் திரும்பியதைப் பார்த்த பிள்ளை அவர். ஆஸ்பத்திரிக்குப் போனால் காலை எடுத்துவிடுவார்கள் என்ற பயத்தை வெளியே சொல்ல முடியாமல் முருகன் பெயரில் சொல்கிறார். அதனால் தத்துவம் பேசி அவரை ஜெயிக்கப் பார்க்காதீர்கள். மேலே நான் எழுதியது உங்கள் மனச்சுமைக்கு. அவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "அப்பச்சி மாதிரி ஆயிடுமோன்னு பயமா இருக்கா?" பதில் வராவிட்டாலும் பரவாயில்லை. இன்று காட்டினால் மருந்தோடு போகக்கூடும், தள்ளிப்போடப் போடத்தான் கத்தி நெருங்கும் என்று மட்டும் சொல்லுங்கள். காலுக்கு ஒன்றும் ஆகாது என்று சத்தியம் செய்து கொடுக்காதீர்கள், அது உங்களுக்குத் தெரியாது. மகனைப் போனில் பேசச் சொல்லுங்கள், உபதேசம் வேண்டாம், அழைத்துப் போக ஒரு கார் ஏற்பாடு செய்தால் போதும். காவடியில் கூட நடக்கும் பெரியவர் யாராவது ஒரு வார்த்தை சொன்னால் இன்னும் நல்லது.

அடுத்த தைப்பூசத்துக்கு நடப்பதா வண்டியில் போவதா என்பதைப் பாதத்தைப் பார்த்த மருத்துவர் சொல்லட்டும். அதுவரை வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்கவிடாதீர்கள். வளவுக்குள் செருப்பா என்று நாத்தனார் கேட்டால், வெளியே போடாத புதுச்செருப்பு என்று சொல்லிக்கொள்ளலாம்.