இரத்தம் பத்தாத பிள்ளைகள்

அன்புள்ள அண்ணனுக்கு,

கொட்டகலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். போன மாதம் ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் உண்டியலோடு நின்ற பையன்கள், புற்றுநோய் வந்த ஒரு பிள்ளையின் படத்தை நீட்டினார்கள். நூறு ரூபா போட்டேன். ஆனால் அந்த மொட்டைத் தலைப் பிள்ளையின் பார்வை வீடுவரை கூடவே வந்தது. அமெரிக்காவின் ‘ஜிம்மி நிதி’ பற்றி முன்பு ஒரு வரி எழுதியிருந்தீர்கள். ஜிம்மி உண்மையான பிள்ளையா? அங்கே காசு சேர்த்து அங்கே ஆராய்ச்சி செய்தார்கள், சரி. நம் லயத்துப் பிள்ளைகளுக்கு அதில் என்ன இருக்கிறது?

ஒரு ஆசிரியை

அன்புள்ள டீச்சருக்கு,

பிள்ளை உண்மை, பெயர்தான் பொய். 1947இல் பொஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற டொக்டருக்குத் துணையாகச் சிறுவர் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு ஒரு நிதியம் தொடங்கினார்கள். அடுத்த மே மாதம் அவருடைய நோயாளியான பன்னிரண்டு வயதுப் பையனை வானொலியில் பேசவைத்தார்கள். அவன் யாரென்று வெளியே தெரியக் கூடாது என்று வைத்த பெயர் ஜிம்மி. அவனுக்குப் பிடித்த பேஸ்போல் அணியின் ஆட்டக்காரர்கள் கட்டிலருகே வந்து நின்றார்கள். அந்த அணியின் ஆட்டம் பார்க்க ஜிம்மிக்கு ஒரு டெலிவிஷன் வேண்டும், 20,000 டொலர் சேர்ந்தால் வாங்கிக் கொடுப்போம் என்றது நிகழ்ச்சி. சேர்ந்தது 231,000 டொலருக்கு மேல்! பையன் செத்துப்போயிருப்பான் என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். 1998இல் லொறி ஓட்டிப் பிழைத்த ஒரு மனிதர், ‘நான்தான் ஜிம்மி’ என்று வெளியே வந்தார். பெயர் ஐனார் கஸ்டாஃப்சன். ஐம்பது வருடம் அந்தப் பிள்ளையை மறைத்தே காசு சேர்த்திருக்கிறார்கள். உங்களை உறுத்திய படத்துக்கு என் பதிலும் இதுதான்.

இனி நம் லயத்துக் கதை. அது உங்கள் குசினி றாக்கையில் இருக்கிற மாமைட் போத்தலில், ஈஸ்ட்டிலிருந்து செய்த அந்தக் கறுப்புப் பசையில் தொடங்குகிறது. 1920களின் கடைசியில் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய டொக்டர் பம்பாய்க்கு வந்தார். அங்கே பஞ்சாலைகளில் வேலை செய்த கர்ப்பிணிகள் இரத்தம் பத்தாமல் வெளுத்துப்போவதை ஆராய்ந்தார். மாமைட் கொடுத்ததும் தேறினார்கள். 1934-35இல் இங்கே மலேரியா பல்லாயிரம் பேரைக் கொண்டுபோனபோது, சூரியமல் இயக்கத்து இடதுசாரி இளைஞர்கள் மெலிந்து கிடந்தவர்களுக்குக் கொடுத்ததும் அதே மாமைட்தான். (எங்கள் அம்மா காய்ச்சலுக்கு அதை வெந்நீரில் கரைத்துத் தேசிக்காய் பிழிந்து தருவார். வாசனை எனக்கு இன்றும் ஆகாது.)

அதிலிருந்த சத்துதான் பிறகு ஃபோலிக் அமிலம் என்று பெயர் பெற்றது. ஃபார்பர் அந்த வகைச் சத்தை இரத்தப் புற்றுநோய்ப் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். நோய் இன்னும் வேகமெடுத்ததுபோல் இருந்தது. அப்படியென்றால் அந்தச் சத்தைத் தடுத்தால்? தடுக்கிற மருந்துகள் அமெரிக்காவில் வேலை செய்த எல்லாப்பிரகட சுப்பாராவின் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தன. ஆந்திராவின் பீமவரத்துக்காரர், மதராசில் மருத்துவம் படித்தவர். 1948 ஜூனில் ஃபார்பர் எழுதிய கட்டுரையில் பதினாறு பிள்ளைகளில் பத்துப் பேருக்கு நோய் இறங்கியிருந்தது. கொஞ்ச காலத்துக்குத்தான், திரும்பவும் வந்தது. ஆனாலும் அதுவரை அப்படி நடந்ததில்லை. அந்த ஓகஸ்டிலேயே சுப்பாராவ் போய்விட்டார். அந்த மருந்தின் தம்பிதான் மெத்தோட்ரெக்சேட். இன்றும் உலகமெங்கும் இந்த நோய் வந்த பிள்ளைகளுக்கு மற்ற மருந்துகளோடு அதைக் கொடுக்கிறார்கள்.

ஆகவே அங்கே செய்த ஆராய்ச்சி என்று முழுக்க விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. கூலிப் பெண்களின் இரத்தமும் அதில் இருக்கிறது.

என் மனதில் கிடக்கிற கணக்கு வேறு. பெரியம்மாவின் பேத்தி ஒருத்தி, ஏழு வயது. வெளுத்துப்போய், படியேற மூச்சு வாங்கியது. தோட்ட டிஸ்பென்சரியில் ‘இரத்தம் பத்தாது’ என்று இரும்புச் சத்து டொனிக் கொடுத்தார்கள். இரண்டு மாதம் குடித்தாள். கொழுந்தெடுக்கிற தாய், பாதி லயமே வெளுத்துக்கிடக்கிற இடம், யாருக்குச் சந்தேகம் வரும்? காலில் நீலத் தழும்புகள் கண்டபிறகுதான் கண்டிக்குக் கொண்டுபோனோம், அங்கிருந்து மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு. மருந்து அங்கே இருந்தது, நாங்கள்தான் பிந்திப் போனோம்.

உண்டியலுக்குப் போடுங்கள். படத்தை மாற்றச் சொல்லி அந்தப் பையன்களிடம் பேசியும் பாருங்கள். வகுப்பில் ஒரு பிள்ளை வெளுத்து, காய்ச்சல் விடாமல், எலும்பு வலிக்கிறது என்று அழுது, அடிபடாமலே தழும்பு கண்டால், டொனிக்கோடு விடாமல் இரத்தச் சோதனை செய்யச் சொல்லி தாயிடம் சொல்லுங்கள். தாய்க்கு அரைநாள் பேர், அதாவது அரைநாள் சம்பளம் போகும், தயங்குவாள். முடிந்தால் நீங்களும் கூடப் போங்கள்.

அன்புடன்,
அண்ணன்